கொத்தலாவல கம்பசுக்குக் கடேற் ஒபிசராகப் போக விருப்பம், மல்லாவியில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

மல்லாவிப் பெடியன்

வணக்கம். வயது 19, ஏ.எல் கணிதப் பிரிவில் சோதனை எழுதிவிட்டு ரிசல்ட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். இணைந்த கணிதம் நன்றாகச் செய்தேன், இரசாயனவியல் பரவாயில்லை, பௌதிகவியலில் கட்டுரை வினாக்களுக்கு நேரம் போதவில்லை. ரத்மலானையில் இருக்கிற கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து எஞ்சினியரிங் படிக்க வேண்டும், அதுவும் காசு கட்டிப் படிக்கிற ஆளாக இல்லை, கடேற் ஒபிசராக, அதாவது படையில் சேர்ந்து அதிகாரிப் பயிற்சியோடு படிக்கிற ஆளாக. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து யாரும் அப்படிப் போனதாகத் தெரியவில்லை. சேர்மாரிடம் கேட்டால் "அது எங்களுக்குச் சரிவராது" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார்கள், ஏன் சரிவராது என்று ஒருவரும் சொல்வதில்லை.

விருப்பம் எங்கே தொடங்கியது என்றால், 2018 மார்கழி வெள்ளத்தில் நாங்கள் கண்டாவளையில் சின்னம்மா வீட்டில் நின்றோம். இரவோடு இரவாகத் தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு வந்துவிட்டது, விடியத்தான் படகு வந்தது. அம்மம்மா ஏறமாட்டேன் என்று நிற்கிறார், ஆட்டுக்குட்டிகள் இரண்டையும் விட்டுவிட்டு வரமாட்டாராம். படகில் வந்த ஒபிசருக்கு அது விளங்கவில்லை, அவர் சத்தம் போட்டது அம்மம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு அப்போது 12 வயது, பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறைச் சிங்களத்தில் "எளுவோ, எளுவோ" என்று கொட்டிலைக் காட்டினேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய் இரண்டு குட்டிகளையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மம்மா பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல் ஏறினார். அந்தப் படகில் தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி நின்றிருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

இப்போது என் பிரச்சினைகளைச் சொல்கிறேன். 2009 இல் எனக்கு மூன்று வயது, இடது தோளில் ஒரு செல்பீஸ், செல் வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு, இப்போதும் இருக்கிறது. நோவு இல்லை, கையும் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் மெடிக்கலில் என்ன சொல்வார்கள் என்று பயம். அடுத்தது, மாமா ஒருவர் இயக்கத்தில் இருந்து, புனர்வாழ்வு முடிந்து 2011 இல் வீட்டுக்கு வந்தவர். அதை விண்ணப்பத்தில் மறைக்கச் சொல்லிச் சிலர் சொல்கிறார்கள். என் இங்கிலிஸ் எழுத்தில் பரவாயில்லை, வாய் திறந்தால் நிற்கும். ஆளும் மெலிவு. இதிலே எதை முதலில் பிடிப்பது?

ஓமந்தையான்

தம்பி, நானும் இந்த வழியில் இரண்டு தரம் போய் வந்தவன், அதனால் நேரடியாகவே சொல்கிறேன். இது இடத்தின் பெயர் சொல்லிக் குறை சொல்கிற கதை இல்லை, அதனால் எங்கே என்பது வேண்டாம். முதல் தரம் ஓட்டம், தண்டால் எல்லாம் முடித்து, நேர்முகமும் நல்லபடியாகப் போய், மெடிக்கலில் மூன்று சூத்தைப் பல்லுக்காக நின்றுவிட்டேன். மூன்று பல்! வவுனியா ஆஸ்பத்திரி பல் கிளினிக்கில் காசில்லாமல் ஒரு காலையில் அடைத்திருக்கலாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த தரம் பல்லைக் கட்டிக்கொண்டு போனேன், நிறை காணாது என்றார்கள். அதற்குப் பிறகு விளம்பரம் வந்தபோது வயது தாண்டிவிட்டது. இப்போது கட்டட வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன், வாழ்க்கை கெட்டுப்போகவில்லை, ஆனாலும் அந்த மூன்று பல்லை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

ஆகவே ரிசல்ட் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், அவர்கள் பார்க்கப்போகிற உடம்பை நீங்கள் முதலில் பாருங்கள். பல்லைக் காட்டுங்கள். கண்ணைக் காட்டுங்கள், தூரப் பார்வை மட்டும் போதாது, நிறப் பார்வையும் பார்க்கச் சொல்லுங்கள், புள்ளிகளுக்குள் இலக்கம் ஒளிந்திருக்கிற இஷிஹாரா அட்டை என்று ஒன்று இருக்கிறது, தனக்கு நிறக்குருடு என்பதே தெரியாமல் இருபது வயதுவரை வந்த பெடியன்கள் இருக்கிறார்கள். பாதம் தட்டையா, நேராக நின்றால் முழங்கால் இரண்டும் முட்டுகிறதா, பிரசர் எப்படி என்று ஒரு டொக்டரிடம் கேளுங்கள். சலப் பரிசோதனையையும் விடாதீர்கள், எங்கள் வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருக்கிற மண், சலத்தில் புரதம் போகிறதா என்று தெரிந்துகொள்வது இந்த விண்ணப்பத்துக்கு மட்டுமில்லை, உங்கள் உயிருக்கும் நல்லது. இதில் சரிசெய்யக்கூடியது எது, முடியாதது எது என்று இப்போதே தெரிந்தால் ஒரு வருடம் மிச்சம்.

நிறையைக் கணக்குப் பார்ப்பது சுகம். கிலோவை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் பிரியுங்கள், 18.5 க்குக் கீழே வந்தால் மெலிவு. உங்கள் உயரமும் நிறையும் சொன்னால் நான் பார்த்துச் சொல்கிறேன். ஆகக் குறைந்த உயரம் எவ்வளவு, வயது எந்தத் திகதிக்குக் கணக்கு என்பதை மட்டும் யார் வாயிலும் கேட்காதீர்கள், என் வாயிலும்தான். அந்த வருட விளம்பரத்தில் உள்ளதே சட்டம்.

செல்பீஸ் விசயம். எக்ஸ்ரேயில் இரும்பு வெள்ளையாகத் தெரியும், மறைக்க வழியே இல்லை, மறைக்கவும் கூடாது. இப்போதே ஒரு சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்த்து, புது எக்ஸ்ரே எடுத்து, பீஸ் எந்த இடத்தில் இருக்கிறது, எலும்பையோ நரம்பையோ தொடுகிறதா, தோள் முழுதாக அசைகிறதா என்று கடிதம் வாங்குங்கள். முடிவு அவர்களுடைய மெடிக்கல் போர்ட்டின் கையில், அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் வெறும் வாயால் "நோவு இல்லை சேர்" என்று சொல்வதும், நிபுணரின் கடிதத்தை மேசையில் வைப்பதும் ஒன்றில்லை. இதற்காகவே வெட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள், இத்தனை வருடம் அசையாமல் இருந்ததை எடுக்கப்போய்த் தோளைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, அது டொக்டர் தீர்மானிக்க வேண்டியது.

முல்லை ரீச்சர்

நான் இருபது வருடமாக இங்கிலிஸ் படிப்பிக்கிறேன். தம்பியின் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஆட்டுக்குட்டிக் கதையை எங்களுக்குத் தமிழில் எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள், அதையே இங்கிலிசில் இரண்டு நிமிடம் சொல்லப் பழகுங்கள். "ஏன் படைக்கு வர விரும்புகிறாய்" என்று கேட்காத நேர்முகம் இருக்காது. நூறு பிள்ளைகள் "நாட்டுக்குச் சேவை செய்ய" என்று பாடமாக்கிய வசனத்தைச் சொல்லும்போது, ஒருவன் இடுப்பளவு தண்ணீரையும் இரண்டு ஆட்டுக்குட்டியையும் சொன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார்.

வாய் நிற்பது இங்கிலிஸ் தெரியாததால் இல்லை, பிழை விட்டால் சிரிப்பார்கள் என்ற பயத்தால். என் வகுப்பில் ஒரு பிள்ளை போனில் தன் குரலைப் பதிந்து, கேட்டு, திரும்பப் பதிந்து, அப்படியே நான்கு மாதத்தில் மாறிப்போனாள். முதல் நாள் பதிந்ததை அழிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோது தனக்கே அழுகை வந்தது என்றாள். நீங்களும் செய்யுங்கள். அங்கே விரிவுரை, பரீட்சை எல்லாம் இங்கிலிசில்தான், ஆகவே இது நேர்முகத்தோடு முடிகிற வேலையும் இல்லை.

சிங்களத்தை விட்டுவிடாதீர்கள். பரேட் கட்டளைகள் சிங்களத்தில்தான், கூடப் படுக்கிற, சாப்பிடுகிற பெடியன்களில் அநேகமானோர் சிங்களம். "எளுவோ" தெரிந்த பிள்ளைக்கு மிச்சமும் வரும்.

முள்ளியவளை அம்மா

ராசா, உன் கதையை மகள் வாசித்துக் காட்டினாள். நான் சொல்வதைக் கோபிக்காமல் கேள். எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் இருந்தார்கள், 2009 இல் ஒருவரும் மிஞ்சவில்லை. மே 18 க்கு முள்ளிவாய்க்காலுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறேன், அதுதான் எனக்கு மிச்சம். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு எங்கள் பிள்ளை ஒருவன் நிற்பதை என் கண் பார்க்கத் தயாராக இல்லை. 2012 இல் கிளிநொச்சியில் எங்கள் பெண் பிள்ளைகளை ஆமிக்கு எடுத்தபோது சனம் எப்படியெல்லாம் கதைத்தது என்று உன் அம்மாவைக் கேள், அந்தப் பிள்ளைகளின் தாய்மார் கோயிலுக்குப் போகவே கூசினார்கள்.

எஞ்சினியரிங்தான் வேண்டும் என்றால் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறதே. மல்லாவியில் இருந்து எவ்வளவு தூரம்? அங்கே படித்துவிட்டு வெள்ளம் வரும்போது குளத்துக் கதவுகளைப் பார்க்கிற ஆளாக வா. அதுவும் சனத்தைக் காப்பாற்றுகிற வேலைதான். உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. உன் அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பு.

மல்லாவிப் பெடியன்

அம்மா, கோபம் இல்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். என் தோள் எக்ஸ்ரே படம் ஒன்று செட்டிகுளம் முகாமில் இருந்தபோது எடுத்தது, அம்மா அதைச் சீலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். ஓமந்தை அண்ணா சொன்னதைக் கேட்டு அதைத் தரும்படி கேட்டேன். எடுத்துத் தந்தார், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு இரவு சாப்பிடவும் இல்லை. அறிவியல் நகருக்கும் கட்டாயம் விண்ணப்பிப்பேன், இரண்டையும் சேர்த்தே போடப்போகிறேன்.

அண்ணா, பள்ளிக்கூடத்தில் அளந்தேன். உயரம் 169 சென்ரிமீற்றர், நிறை 51 கிலோ.

ஓமந்தையான்

1.69 இன் வர்க்கம் 2.856, ஆகவே 17.9 வருகிறது. 53 கிலோ வந்தால் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள், 56, 57 வந்தால் பயமே இல்லை. இரண்டு மூன்று மாத வேலைதான். காலையில் இரண்டு முட்டை, ஒரு பிடி கச்சான், உழுந்து, பயறு, மத்தியானம் சோற்றோடு குளத்து மீன். மாப்பவுடர் டப்பாக்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

வவுனிக்குளக் கட்டு பக்கத்தில்தானே, ஓட அதைவிட நல்ல இடம் கொழும்பிலும் கிடையாது. விடிந்து வெளிச்சம் வந்த பிறகே போங்கள், அந்தப் பக்கம் யானை நடமாட்டம். ஒரு நாள் மெதுவாக நீண்ட தூரம், மறுநாள் குறுகிய தூரம் வேகமாக, ஒரு நாள் ஓய்வு. தினமும் ஒரே வேகத்தில் ஓடினால் மூன்றாம் வாரத்தில் கெண்டைக்கால் நோவெடுத்துப் படுத்துவிடுவீர்கள், எனக்கு நடந்தது. தண்டாலை எண்ணிக்கைக்காகச் செய்யாதீர்கள், நெஞ்சு நிலத்துக்குக் கிட்ட வராததை அவர்கள் எண்ணவே மாட்டார்கள்.

ரத்மலானைப் பழைய மாணவன்

வவுனியாவில் இருந்து போய் அங்கே காசு கட்டிப் படித்தவன் நான், கடேற் இல்லை. நான்கு வருடம் கடேற்மாரோடு ஒரே வகுப்பில் இருந்ததால் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் பார்ப்பது இசட் ஸ்கோர், அதாவது ஏ.எல் புள்ளிகளை வைத்துக் கணிக்கிற தரப்படுத்தல் புள்ளி. மூன்று பாடமும் ஒரே தடவையில் எழுதிச் சித்தி இருக்க வேண்டும், எஞ்சினியரிங்குக்குப் போட்டி அதிகம். அது நல்லதாக இருந்தால்தான் மிச்சக் கதை. ஆகவே பௌதிகவியல் கைவிட்டுவிட்டால் உடம்பை வளர்ப்பதோடு நிற்காமல் திரும்ப எழுதவும் தயாராக இருங்கள், வயதெல்லையைக் கணக்குப் பார்த்துக்கொண்டு.

கடேற்மாருக்குப் படிப்புச் செலவு இல்லை, மாதச் சம்பளமும் உண்டு. ஆனால் அது இலவசம் என்று நினைத்து வராதீர்கள். நாங்கள் எட்டு மணி வகுப்புக்குத் தூக்கத்தோடு வந்து இருப்போம், அவர்கள் அதற்கு முன்னரே ஓடி, குளித்து, பரேட் நின்று, அயன் செய்த உடுப்போடு வந்திருப்பார்கள். பின்னேரம் நாங்கள் பஸ் ஏறும்போது அவர்கள் மைதானத்துக்கு இறங்குவார்கள். கணிதத்தில் கெட்டிக்காரனாக இருந்த ஒரு கடேற் கடைசி வரிசையில் நின்றுகொண்டே விரிவுரை கேட்பான், இருந்தால் தூங்கிவிடுவேன் என்று பயம். படிப்பு முடிந்ததும் அந்தந்தப் படையின் கழகத்துக்குப் பயிற்சிக்குப் போக வேண்டும், ஆமி என்றால் தியத்தலாவை, நேவி என்றால் திருகோணமலை, எயார்போர்ஸ் என்றால் சீனக்குடா. பிறகு இத்தனை வருடம் சேவை செய்வேன் என்று ஒப்பந்தம் இருக்கிறது, நடுவில் விட்டுவிட்டு வந்தால் காசு கட்ட வேண்டும். அந்த ஒப்பந்தத்தை அம்மாவையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், கையெழுத்துப் போட்ட பிறகு வாசிக்கிறவர்கள்தான் அதிகம்.

மாமாவின் விசயம். மறைக்காதீர்கள். பொலிஸ் அறிக்கையும் பாதுகாப்பு விசாரணையும் கட்டாயம் வரும், வன்னியில் எந்த வீட்டை எடுத்தாலும் இயக்கத்தில் ஒருவர் இருந்திருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியாத விசயமா? மாமா இருந்ததற்காக மட்டும் கழிப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் மறைத்தது பிடிபட்டால் அதற்குப் பிறகு கதைக்க ஒன்றுமே இருக்காது. கேட்டால் "ஓம், இருந்தார், 2011 இல் புனர்வாழ்வு முடிந்து வந்தார், இப்போது இன்ன தொழில் செய்கிறார்" என்று தலை குனியாமல், குரல் மாறாமல் சொல்லுங்கள். வீட்டில் மாமாவையே எதிரே இருத்தி அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிப் பழகினால் இன்னும் நல்லது.

நேர்முகத்துக்குப் போகும்போது எந்தப் படை, எந்தப் பிரிவு என்ற தெளிவோடு போங்கள். எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு ஆமியில் பொறியியல் படையணி, மின்சார இயந்திரப் பொறியியல் படையணி, சிக்னல் படையணி என்று இருக்கின்றன. வெள்ளக் கதை சொல்கிற நீங்கள் முதலாவதைப் பற்றி வாசித்துவிட்டுப் போக வேண்டும். பதவி நிலைகளை மூன்று படைக்கும் ஒப்பிட்டுப் படியுங்கள், ஆமியில் செக்கன்ட் லெப்டினன்ட் என்றால் எயார்போர்சில் பைலட் ஒபிசர், இப்படி.

உங்கள் சேர்மார் "எங்களுக்குச் சரிவராது" என்கிறார்களே, அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். இலங்கை இராணுவம் தொடங்கியது 1949 ஒக்ரோபர் 10. முதலில் வெள்ளைக்காரத் தளபதிகள், பிறகு 1955 இல் கொத்தலாவல பிரதமராக இருந்தபோது முதலாவது உள்நாட்டுத் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு, தமிழர். 1960 இல் கடற்படைத் தளபதியாக வந்த ராஜன் கதிர்காமரும் தமிழர். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும், முள்ளியவளை அம்மாவின் துக்கத்துக்கு முன்னால் இந்தப் பெயர்கள் ஒன்றுமே இல்லை. ஆனால் கதவு முதலிலிருந்தே எங்களுக்குப் பூட்டியிருந்தது என்பது பிழை.

ஜி.எஸ் கந்தோர் அக்கா

ஒரு சின்ன விசயம், ஆனால் இதிலே கனபேர் அடிபடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஓ.எல் சான்றிதழ் மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இடப்பெயர்வில் பத்திரங்கள் தொலைந்து திரும்ப எடுத்தபோது இங்கிலிஸ் எழுத்துக்கள் மாறிப்போனவர்கள் எங்கள் பிரிவிலேயே நிறைய. ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக, மற்றதில் முதலெழுத்து மட்டும் என்றாலும் கேள்வி வரும். திருத்த மாதக்கணக்கு எடுக்கும், விளம்பரம் வந்த பிறகு ஓடினால் முடியாது. நற்சான்றிதழைக் கிராம அலுவலரிடம் எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வாங்க வேண்டும். விளையாட்டு, சாரணர், கடேற் சான்றிதழ் ஏதும் இருந்தால் மூலப் பிரதியைத் தண்ணீர் படாத உறையில் போட்டு வையுங்கள். வெள்ளத்தில் போன சான்றிதழுக்காக அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மல்லாவிப் பெடியன்

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதிவிட்டேன். அக்கா சொன்னது சரியாகப் போய்விட்டது, அடையாள அட்டையில் என் பெயரில் ஒரு எழுத்துக் கூடுதலாக இருக்கிறது. திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். இரண்டு சூத்தைப் பல் இருக்கிறது, கிளினிக்குக்குத் துண்டு எடுத்தாயிற்று. மாங்குளத்தில் பேக்கரி வைத்திருக்கிற சிங்கள அண்ணா ஒருவர் பின்னேரங்களில் கடைக்கு வந்து நிற்கச் சொன்னார், பாண் விற்றால் சிங்களம் தானாக வரும் என்கிறார்.

பழைய எக்ஸ்ரேயோடு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் தானும் வருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். முள்ளியவளை அம்மா, நீங்கள் சொன்னதை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். உங்களை ஒரு நாள் பார்க்க வேண்டும் என்றார். வரலாமா?

முள்ளியவளை அம்மா

வா ராசா. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வெள்ளிக்கிழமையில் வராதே, கோயிலுக்குப் போய்விடுவேன்.